ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) போட்டால் தொடை பெருத்துவிடுமா? கெண்டைக்கால் ஏன் ஏறவே மாட்டேங்குது?

#1 பளுமேடை

ஜிம்மில் சேரும் பெண்களில் பலர் மூன்றாவது வாரத்திலேயே கால் பயிற்சிக்கான நாளான லெக் டேயைக் கைவிட்டுவிடுகிறார்கள். சொல்லும் காரணம் ஒன்றுதான்: ஜீன்ஸ் தொடையில் பிடிக்கிறது. பையன்கள் பக்கம் இதற்கு நேர்மாறு. நெஞ்சும் கையும் ஏறிவிடும், கால் மட்டும் அப்படியே நிற்கும், அதை மறைக்க மே மாத வெயிலிலும் டிராக் பேன்ட். ஒருவருக்குக் கால் பெருத்துவிடுமோ என்ற பயம், இன்னொருவருக்குப் பெருக்கவே இல்லையே என்ற ஏக்கம். கால் தசை என்ன வேகத்தில் வளரும், எதற்கு வளரும் என்று யாருமே உட்கார்ந்து சொல்லிக் கொடுக்காததால்தான் இந்த இரண்டும் வருகிறது.

விஷயம் தெரிந்தவர்கள் அளவுகளோடு எழுதுங்கள். "எனக்கு இப்படி ஆச்சு" என்ற பதில்கள் வேறு இழைகளில் நிறைய இருக்கின்றன. இங்கே எந்தத் தசை, எத்தனை செட் (இடையில் ஓய்வில்லாமல் செய்யும் ஒரு சுற்று), எத்தனை வாரம், எங்கே தப்பு நடக்கிறது என்பது மட்டும் போதும்.

#2 இயன்முறை

முதலில் அந்த மூன்றாம் வார ஜீன்ஸ். அது தசை இல்லை, தண்ணீர்.

பழக்கமில்லாத தசையை எடையோடு கீழே இறக்கி ஏற்றும்போது இழைகளில் நுண்ணிய சேதம் வரும். அதைச் சரிசெய்ய உடல் அங்கே நீரைக் கொண்டுவந்து சேர்க்கும். வலி ஒன்று முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் இறங்கும். வீக்கம் வலியைவிடக் கொஞ்சம் தாமதமாக இறங்கும். வாரத்துக்கு இரண்டு லெக் டே என்றால், முதல் வீக்கம் முழுசாக வடிவதற்குள் அடுத்தது வந்து சேர்ந்துகொள்கிறது. 2016இல் பிரேசில் ஆய்வாளர்கள் இதை ஸ்கேனில் பார்த்தார்கள். மூன்று வாரத்தில் தசையின் அளவு கூடியதாகத் தெரிந்தது, ஆனால் அதில் பெரும்பங்கு நீர்வீக்கம். பத்தாவது வாரத்தில் தெரிந்ததுதான் உண்மையான வளர்ச்சி.

இன்னொரு பங்கு கிளைக்கோஜன். பயிற்சி எடுக்கும் தசை மாவுச்சத்தை அதிகமாகச் சேமிக்கத் தொடங்கும். ஒரு கிராம் கிளைக்கோஜன் தன்னோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். கிரியேட்டின் என்ற சத்துப்பொடி எடுப்பவர்களுக்கு இதற்கு மேலும் தசைக்குள் நீர் சேரும். எடைக் கருவியில் ஒரு கிலோ கூடினால் அதைக் கொழுப்பு என்று நினைத்துச் சாப்பாட்டை வெட்ட வேண்டாம்.

அதே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது சேதம் குறையும். அதனால் நான்கைந்து வாரத்தில் இந்த வீக்கம் தானாக வடியும். அந்த நேரத்தில் புதுப்புது பயிற்சியாக மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு மட்டும் இது வடியவே வடியாது. "தசையைக் குழப்பணும்" என்று வாரம் ஒரு திட்டம் மாற்றும் பயிற்சியாளர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

#3 நாடாவும்_சாக்பீசும்

இயன்முறை சொன்னதோடு ஒரு கணக்கையும் சேர்க்கிறேன். பயம் எவ்வளவு பெரியது, மாற்றம் எவ்வளவு சிறியது என்பது இதில் தெரியும்.

தொடைச் சுற்றளவு 54 செ.மீ. என்று வையுங்கள். குறுக்கே வெட்டினால் அந்த வட்டத்தின் பரப்பு 232 சதுர செ.மீ. அதில் பாதி தசை என்று கொள்வோம், 116. மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து தசை 6 சதவீதம் வளர்ந்தால் கூடுவது 7 சதுர செ.மீ. மொத்தம் 239. இப்போது சுற்றளவு 54.8 செ.மீ. மூன்று மாத வியர்வைக்குக் கிடைப்பது 8 மில்லிமீட்டர்.

இதே காலத்தில் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புப் படலம் சுற்றிலும் 1 மி.மீ. மெலிந்தால் சுற்றளவு 6 மி.மீ.க்கு மேல் குறையும். அதனால்தான் பலருக்கு நாடாவில் எதுவுமே மாறாது, ஆனால் காலின் உருவம் மாறியிருக்கும். "உழைச்சும் பலன் இல்லை" என்று விட்டுவிடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

அளக்கும் முறையில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். காலையில், பயிற்சிக்கு முன், இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நில்லுங்கள். இடுப்பு மடிப்புக்கும் முழங்கால் சில்லின் மேல் விளிம்புக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் நாடா தரைக்கு இணையாகச் சுற்ற வேண்டும், தோல் அழுந்தக் கூடாது. மூன்று முறை அளந்து நடு எண்ணை எழுதுங்கள். கெண்டைக்காலில் எங்கே அதிகபட்சமோ அங்கே. தொடையில் புள்ளி ஒரு விரல் அகலம் மேலே போனாலே ஒரு சென்டிமீட்டர் கூடக் காட்டும். அதாவது மூன்று மாத வளர்ச்சியைவிடப் பெரிய பிழை.

நான்கு வாரத்துக்கு ஒரு முறை போதும். பெண்கள் மாதவிடாய் சுழற்சியில் அதே நாளில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் நீர் கட்டும் உடல் என்றால் அந்த எண் எதையும் சொல்லாது. பயிற்சி முடிந்த கையோடு அளப்பதும் அப்படியே, ரத்தம் ஏறிய தசை ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும்.

#4 புதுவரவு

ஒரு சந்தேகம். லைட் வெயிட்ல 30, 40 ரெப்ஸ் (ஒரே அசைவை அத்தனை தடவை) பண்ணா கால் "டோன்" ஆகும், ஹெவியா தூக்கினாதான் பெருக்கும்னு நிறைய ஜிம்ல சொல்றாங்க. அது சரியா? பொண்ணுங்களுக்கு தசையே வளராதுன்னும் சிலர் சொல்றாங்க.

#5 பளுமேடை

இரண்டுமே தவறு, புதுவரவு.

ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிகிற எடை 100 கிலோ என்றால், 30 கிலோவை வைத்துக்கொண்டு இனி ஒன்றுகூட முடியாது என்கிற வரை செய்தாலும் தசை வளரும். 80 கிலோவை வைத்துச் செய்தவர்களோடு ஒப்பிட்டால் அளவில் பெரிய வேறுபாடு வருவதில்லை. வேறுபடுவது வலிமை, அது ஹெவிக்குத்தான் அதிகம். ஆக, 35 ரெப்ஸில் கால் எரிய எரியச் செய்பவரும் தசையைத்தான் வளர்க்கிறார். எரியவே இல்லை, இன்னும் ஐம்பது போடலாம் என்கிற நிலையில் நிறுத்துபவருக்கு இரண்டும் இல்லை. "டோன்" என்று தனியாக ஒரு நிலை தசைக்குக் கிடையாது. தசை கொஞ்சம் கூடி, மேலே இருக்கும் கொழுப்பு கொஞ்சம் குறைந்தால் கண்ணுக்குத் தெரிவதைத்தான் அப்படிச் சொல்கிறோம்.

பெண்கள் விஷயம். ஆண்களின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் பெண்களைவிடச் சுமார் 15 மடங்கு. இருந்தும், ஒரே பயிற்சிக்கு வளர்ச்சியைச் சதவீதத்தில் பார்த்தால் இரு பாலாரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தொடங்கும் இடம் சிறியது என்பதால் சென்டிமீட்டரில் பெண்களுக்குக் குறைவு. "பெண்களுக்கு வளரவே வளராது, பயப்படாதே" என்று சமாதானம் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. வளரும், மெதுவாக வளரும், எந்த இடத்திலும் நிறுத்திக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னாலே பயம் போய்விடும்.

இன்னொன்று. உள்தொடைக்கு மட்டும் இருநூறு முறை கால் ஆட்டினால் அங்கே கொழுப்பு கரையும் என்பதும் நடக்காது. 1971இலேயே டென்னிஸ் வீரர்களின் இரு கைகளையும் அளந்து பார்த்தார்கள். ஆடும் கை தடிமன்தான், ஆனால் தோலடிக் கொழுப்பின் கனம் இரண்டு கையிலும் ஒன்றுதான். கொழுப்பு எங்கிருந்து முதலில் போக வேண்டும் என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. பெண்களுக்குத் தொடையிலும் பிட்டத்திலும் இருப்பது பெரும்பாலும் கடைசியாகத்தான் போகும்.

#6 குதிநாண்

கெண்டைக்காலைப் பற்றி நான் எழுதுகிறேன். மற்ற எந்தத் தசையிலும் இவ்வளவு உழைப்பு வீணாவதைப் பார்க்க முடியாது.

ஆடுசதை என்று நாம் சொல்வது இரண்டு தசை. வெளியே தெரியும் இரட்டைத் தலைத் தசை காஸ்ட்ரோக்னீமியஸ். அது முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பில் தொடங்குகிறது. அதன் அடியில் தட்டையாகக் கிடப்பது சோலியஸ், முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து குதிநாணாகிக் குதிகாலில் முடியும்.

உட்கார்ந்து, முழங்கால் மடங்கிய நிலையில் காஃப் ரைஸ் (குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சி) செய்தால் மேல்தசை தளர்ந்துவிடும். தளர்ந்த தசையால் பெரிதாக இழுக்க முடியாது. 2023இல் ஜப்பானில் 12 வாரம் செய்து பார்த்த ஆய்வில், நின்று செய்த காலில் மேல்தசையின் வெளித்தலை 12 சதவீதம், உள்தலை 9 சதவீதம் வளர்ந்தது. உட்கார்ந்து செய்த காலில் இரண்டும் 2 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. சோலியஸ் இரண்டு முறையிலும் கொஞ்சம்தான் வளர்ந்தது. உட்காரும் மெஷினை நம்பி ஒரு வருடம் போனவர்களுக்குக் கால் ஏன் அசையவில்லை என்பதற்கு இதுவே பதில்.

அடுத்த தப்பு துள்ளல். குதிநாண் ஒரு ஸ்பிரிங் மாதிரி. கீழே வேகமாக இறங்கி உடனே எழும்பினால் நாண் இழுபட்டுத் திரும்பித் தள்ளிவிடும், தசைக்கு வேலையே இருக்காது. இருபது தட்டு மாட்டித் துள்ளுவதைவிட, பாதி எடையில் மூன்று எண்ணி இறங்கி, அடியில் ஒரு முழு நொடி நின்று, அப்புறம் ஏறுவது மேல். பாதத்தின் முன்பகுதி மட்டும் படும்படி 6 முதல் 8 செ.மீ. உயரமான படியோ கட்டையோ வேண்டும். தரையில் நின்று செய்தால் கீழ்ப்பாதி கிடைக்காது. வளர்ச்சிக்கு முக்கியமே அந்தக் கீழ்ப்பாதிதான். கீழ்ப்பாதியை மட்டும் செய்தவர்களுக்கு, மேல்பாதியை மட்டும் செய்தவர்களைவிட உள்தலை தெளிவாக அதிகம் வளர்ந்தது என்றும் ஓர் ஆய்வு காட்டியது. மேலே நுனிக்காலில் ஏறி நின்று இறுக்கிப் பிடிப்பதில் அவ்வளவு லாபம் இல்லை.

முழங்காலைப் பூட்டிவிடாமல் நேராக வையுங்கள். 8 முதல் 15 ரெப்ஸ், 4 செட், வாரம் இரண்டு முறை. பயிற்சியின் கடைசியில் கால் துவண்ட பிறகு செய்யாமல் சில வாரம் முதலில் செய்து பாருங்கள்.

ஒன்று மட்டும் பயிற்சியால் மாறாது: தசை எங்கே முடிந்து நாண் எங்கே தொடங்குகிறது என்பது. சிலருக்குச் சதை முழங்காலுக்கு ஒரு சாண் கீழேயே முடிந்துவிடும், மீதி நீண்ட நாண். சிலருக்குக் கணுக்கால் பக்கம் வரை சதை இறங்கும். நீண்ட நாண் உள்ளவருக்குக் கால் பார்வைக்கு ஒல்லியாகவே இருக்கும். சுற்றளவு 2 செ.மீ. ஏறினாலும் அது மேலேதான் ஏறும். இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்தவர் காலைப் பார்த்துத் தன் காலை வெறுப்பது நியாயமில்லாத ஒப்பீடு.

#7 ஓட்டப்பாதை

ஓட்டம், சைக்கிள் பற்றிச் சுருக்கமாக.

நடப்பதால் கால் தடிக்காது. தினம் எட்டாயிரம், பத்தாயிரம் அடி என்பது தசைக்கு மிகச் சிறிய சுமை, ஆயிரக்கணக்கில் திரும்ப வருகிறது, அவ்வளவுதான். நீண்ட தூர ஓட்டமும் அப்படியே. மாரத்தான் வீரர்களின் காலையும் 100 மீட்டர் வீரர்களின் காலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். சைக்கிளிலும் இதே பிளவு உண்டு. மலை ஏறும் நெடுந்தூர வீரர்களுக்குக் கால் கயிறு மாதிரி இருக்கும். டிராக் ஸ்பிரின்ட்காரர்களுக்கு நேர்மாறு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்கு அணி ஸ்பிரின்டில் வெண்கலம் வாங்கிய ராபர்ட் ஃபோர்ஸ்டமனின் தொடை உலகமே பேசியது. அது சைக்கிள் மிதித்து மட்டும் வந்ததில்லை, கனமான ஸ்குவாட்டோடு சேர்ந்து வந்தது. வீட்டு சைக்கிளில் 45 நிமிடம் மிதிப்பவருக்கு அந்தத் தொடை வராது.

உடல் எடை கூடியவர்களுக்குக் கெண்டைக்கால் பெரிதாக இருப்பதில் கொழுப்பு மட்டும் இல்லை, நாள் முழுக்க அந்த எடையைச் சுமப்பதால் வந்த தசையும் இருக்கிறது. எடை குறையும்போது அதுவும் கொஞ்சம் குறையும்.

#8 பளுமேடை

தொடைக்கு வருகிறேன். "லெக் டே என்றால் ஸ்குவாட், ஸ்குவாட் என்றால் முழுக்கால்" என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் திருத்த வேண்டும்.

2019இல் வெளியான 10 வார ஆய்வு ஒன்றில் முழு ஸ்குவாட்டையும் பாதி ஸ்குவாட்டையும் ஒப்பிட்டார்கள். முன்தொடை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு வளர்ந்தது. பிட்டத் தசை முழு ஸ்குவாட்டில் 6.7 சதவீதம், பாதியில் 2.2. உள்தொடைத் தசைகள் 6.2, 2.7. ஆனால் முன்தொடையின் நடுவில் இறங்கும் ரெக்டஸ் ஃபெமோரிஸும் பின்தொடைத் தசைகளும் இரண்டிலுமே வளரவில்லை. காரணம் எளிது. அந்தத் தசைகள் இடுப்பு, முழங்கால் என இரண்டு மூட்டைத் தாண்டுகின்றன. ஸ்குவாட்டில் ஒரு முனை நீளும்போது மறுமுனை சுருங்குவதால் மொத்த நீளம் அதிகம் மாறுவதில்லை.

ஆகவே ஸ்குவாட்டோடு லெக் எக்ஸ்டென்ஷனும் (உட்கார்ந்து எடையோடு முழங்காலை நீட்டுவது), லெக் கர்லும் (எடையோடு முழங்காலை மடக்குவது) தனியாக வேண்டும். லெக் கர்லில் குப்புறப் படுக்கும் மெஷினைவிட உட்காரும் மெஷின் நல்லது. இடுப்பு மடங்கியிருப்பதால் பின்தொடை நீண்ட நிலையில் வேலை செய்யும். 12 வாரத்தில் 14 சதவீதத்துக்கு 9 சதவீதம் என்ற வித்தியாசம் கிடைத்திருக்கிறது. கெண்டைக்காலுக்கு நிற்பது, பின்தொடைக்கு உட்கார்வது. தலைகீழாக ஞாபகம் வைத்துக்கொள்பவர்கள் அதிகம்.

வாரத்துக்கு இரண்டு நாள் போதும். முதல் நாள் ஸ்குவாட் 3 செட் (6 முதல் 10 ரெப்ஸ்), லெக் எக்ஸ்டென்ஷன் 3 (10 முதல் 15), சீட்டட் லெக் கர்ல் 3 (8 முதல் 12), நின்று காஃப் ரைஸ் 4. மூன்று நாள் கழித்து ரொமேனியன் டெட்லிஃப்ட் (எடையைப் பிடித்து இடுப்பில் குனிந்து நிமிர்வது) 3, பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட் (பின்காலை மேடையில் வைத்து ஒற்றைக்காலில் இறங்கி ஏறுவது) காலுக்கு 3, ஹிப் திரஸ்ட் (மேல்முதுகை மேடையில் சாய்த்து எடையோடு இடுப்பைத் தூக்குவது) 2, மறுபடி காஃப் ரைஸ் 4. ஒவ்வொரு செட்டையும் இன்னும் ஒன்றிரண்டு முடியும் என்கிற இடத்தில் நிறுத்துங்கள். செட்டுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு. எல்லா செட்டிலும் மேல் எண்ணைத் தொட்டுவிட்டால் அடுத்த முறை 2.5 கிலோ. அந்த 2.5 கிலோவை நோட்டில் எழுதாதவர்களுக்குக் கால் வளர்வதில்லை, ஒரே எடையில் ஒரு வருடம் போய்விடும்.

ஸ்குவாட்டில் குதிகால் எழும்பினால் சிக்கல் பெரும்பாலும் கணுக்காலில். சுவரைப் பார்த்து நின்று, பெருவிரலை 10 செ.மீ. தள்ளி வைத்து, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் இப்போதைக்குக் குதிகாலுக்கு அடியில் 2 செ.மீ. கட்டை வைத்துச் செய்யலாம். முழங்கால் விரலைத் தாண்டி முன்னே போவது தவறில்லை, உள்பக்கம் சரிவதைத்தான் கவனிக்க வேண்டும். சாய்ந்து உட்கார்ந்து பலகையைக் காலால் தள்ளும் லெக் பிரஸில் 200 கிலோ ஏற்றிவிட்டு நான்கு விரல் தூரம் அசைப்பது வேலைக்கு ஆகாது. முழங்கால் குறைந்தது 90 டிகிரி மடங்க வேண்டும், இடுப்பு சீட்டைவிட்டு எழும்பும் இடத்துக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும்.

#9 புதுவரவு

ஜிம் இல்லாதவங்க? பஸ்கி, தோப்புக்கரணம் போதாதா?

#10 வீட்டுக்கூடம்

ஆரம்பத்துக்குப் போதும். பஸ்கியில் குதிகால் தூக்கி முழங்காலை முன்னால் விட்டு ஆழமாக இறங்குவதால் முன்தொடைக்கு நல்ல வேலைதான். ஆனால் சுமை உங்கள் எடை மட்டுமே. 20இல் இருந்து 200க்குப் போனால் தாக்குப்பிடிக்கும் திறன் வளரும், தசை ஒரு கட்டத்தோடு நின்றுவிடும். சுமையைக் கூட்ட வழி வேண்டும்.

ஒற்றைக்காலுக்கு மாறுவதுதான் முதல் வழி. முழங்கால் உயரத் திண்ணையில் பின்கால் மேல்புறத்தை வைத்து முன்காலால் இறங்கி ஏறினாலே பலருக்கு 8க்கு மேல் போகாது. அது 12 ஆனதும் முதுகுப் பையில் அரிசியோ மணலோ 5 கிலோ, அப்புறம் 10. நிறைந்த 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், நெஞ்சோடு அணைத்துப் பிடித்து ஸ்குவாட் செய்யலாம். அது கையில் வழுக்கும், சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். கெண்டைக்காலுக்கு மாடிப்படியின் விளிம்பு, ஒற்றைக்கால், கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு. பின்தொடைக்கு மல்லாந்து படுத்து, குதிகாலை ஒரு துணியின் மேல் வைத்து, இடுப்பைத் தூக்கியபடி வழவழப்பான தரையில் காலை நீட்டி மடக்குவது. டைல்ஸ் தரை இருந்தால் அற்புதமாக வரும்.

#11 மீல்மேக்கர்

தசை பேசுகிறோம், தட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை.

வளர்ச்சிக்குப் புரதம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 1.6 கிராம் வரை பலன் தரும். அதற்கு மேல் பெரிய லாபம் தெரியவில்லை. 55 கிலோ என்றால் 88 கிராம். 3 முட்டை 18 கிராம். பால், தயிர் இரண்டும் சேர்த்து அரை லிட்டர் 16. பருப்பு, சுண்டல் என 60 கிராம் உலர்ந்த எடையில் 13 வரும். மீல் மேக்கர் 40 கிராம் 20. நாள் முழுக்க அரிசி, இட்லி, தோசையாக 250 கிராம் தானியம் 17. இதுவே 84 ஆகிவிட்டது, ஒரு கைப்பிடி வேர்க்கடலை மீதியைப் பார்த்துக்கொள்ளும். முட்டை சாப்பிடாதவர்கள் 100 கிராம் பனீர் வைத்துக்கொள்ளலாம், அதுவும் 18தான்.

கால் பெருத்துவிடும் என்று பயந்து புரதத்தைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். எடை குறைக்கும் காலத்தில் அப்படிச் செய்தால் கொழுப்போடு தசையும் போகும், கால் மெலிந்தும் தளர்ந்தே இருக்கும்.

#12 மண்டிநிலை

நடனம் ஆடுபவர்கள் கேட்கும் கேள்வி: பரதத்தில் முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி இறங்கி நிற்கும் அரைமண்டியில் தொடை பெருக்குமா? அசையாமல் சொந்த எடையைத் தாங்கி நிற்கும் பயிற்சி அது. கற்கத் தொடங்கும் முதல் சில மாதங்கள் முன்தொடை உறுதியாகும், அப்புறம் சுமை கூடாததால் அளவும் நின்றுவிடும். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. பாதம் பக்கவாட்டில் திரும்பும் திருப்பம் முழுதும் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு திறக்காத குழந்தையைப் பாதத்தைப் பிடித்துத் திருப்பினால் முறுக்கு முழுக்க முழங்காலில் விழும். சில்லு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் இரண்டாவது விரலும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகும் அளவுக்கு மட்டும் திருப்பினால் போதும். சலங்கை பூஜைக்கு முன் "தொடையைக் குறை" என்று பெண் குழந்தைகளிடம் சொல்லும் பெரியவர்கள் தயவுசெய்து அதை நிறுத்துங்கள். பதினைந்து வயதில் தொடையில் கொழுப்பு சேர்வது பருவத்தின் வேலை.

#13 நேர்பார்வை

மண்டிநிலை தொட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

பள்ளியில் "குச்சிக்கால்", "கோழிக்கால்", வீட்டில் "தொடை பாரு எப்படி இருக்கு" என்று கேட்டு வளர்ந்தவர்கள் காலை ஒரு குறையாகவே பார்க்கப் பழகுகிறார்கள். அதோடு பயிற்சிக்கு வந்தால் எந்த அளவும் நிறைவு தராது. சில விஷயங்கள் பயிற்சியின் கையிலேயே இல்லை என்று தெரிந்தால் பாரம் குறையும். இரு தொடைகளுக்கு நடுவே இடைவெளி விழுவது பெரிதும் இடுப்பெலும்பின் அகலத்தையும் தொடை எலும்பின் சாய்வையும் பொறுத்தது. தொடைத்தோலில் ஆரஞ்சுத் தோல் மாதிரி வரும் குழிகள் பருவம் எய்திய பெண்களில் 80 முதல் 90 சதவீதம் பேருக்கு உண்டு. தோலுக்கு அடியில் இருக்கும் நார்களின் அமைப்பால் வருவது, ஒல்லியானவர்களுக்கும் வரும்.

படம் எடுத்து ஒப்பிடுபவர்கள் கவனிக்க: போனைத் தரைக்குப் பக்கத்தில் வைத்து அருகிலிருந்து எடுத்தால் கால் தடித்தே தெரியும். இடுப்பு உயரத்தில், 3 மீட்டர் தள்ளி, அதே ஜன்னல் வெளிச்சத்தில், மாதம் ஒன்று. தினமும் கண்ணாடியில் தொடையைக் கிள்ளிப் பார்ப்பதும், பேன்ட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதும் கவலையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. அந்தப் பழக்கத்தை ஒரேயடியாக விட முடியாவிட்டால், ஒரு நாளில் எத்தனை முறை என்று எண்ணிப் பாதியாக்குவதிலிருந்து தொடங்கலாம்.

பையன்களுக்கும் சொல்கிறேன். நல்ல தசை இருந்தும் தான் ஒல்லி என்று நம்புவது, அதற்காக விசேஷம், பயணம் எல்லாவற்றையும் தவிர்ப்பது, காயத்தோடும் பயிற்சியை விடாமல் செய்வது, இதற்கு மசில் டிஸ்மார்ஃபியா என்று பெயர். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டில் உருவக் கலக்கக் கோளாறின் ஒரு வகையாக இடம்பெற்றது. உருவத்தைப் பற்றிய நினைப்பு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது என்றால் மனநல மருத்துவரைப் பார்க்கும் நேரம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம். இந்த நிலையில் இருப்பவர்களைத்தான் ஸ்டீராய்டு ஊசி சுலபமாகப் பிடிக்கிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போட்டால் விரை தன் உற்பத்தியை நிறுத்தும், விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் வரை போகலாம், திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும்.

#14 இயன்முறை

பயிற்சியால் வரும் மாற்றம் என்று நினைத்து மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாத நான்கு நிலைகள்.

"500 ஸ்குவாட் சேலஞ்ச்", தண்டனைத் தோப்புக்கரணம் போன்றவற்றுக்குப் பிறகு தொடை கல் மாதிரி வீங்கி, சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனால் அது ராப்டோமயோலைசிஸ். சிதைந்த தசை ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. அன்றே மருத்துவமனை.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, ஆடுசதை அழுத்தினால் வலித்தால், குறிப்பாக நீண்ட பயணம், அறுவை சிகிச்சை, பிரசவத்துக்குப் பின் என்றால், ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். முழங்காலுக்குக் கீழே துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு காலையும் அளங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மருத்துவர்கள் அதை முக்கிய அறிகுறியாக எடுப்பார்கள். அளவு சமமாக இருந்தாலும் மற்ற அறிகுறிகள் இருந்தால் போய்க் காட்டுங்கள். மசாஜ் செய்யாதீர்கள்.

இரண்டு காலும் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே மாதிரி பெருத்து, பாதம் மட்டும் மெலிந்து, தொட்டாலே வலித்து, சின்ன இடிக்கும் கன்றிப்போனால் லிப்பெடீமாவா (காலில் இயல்புக்கு மாறாகக் கொழுப்பு சேரும் நோயா) என்று பார்க்க வேண்டும். ஏறக்குறைய பெண்களுக்கு மட்டுமே வருவது. 1940இலேயே மேயோ கிளினிக்கில் விவரித்தார்கள், இன்றும் "வாயைக் கட்டு" என்ற அறிவுரைதான் பலருக்குக் கிடைக்கிறது. வயிறும் முகமும் மெலிந்து கால் அப்படியே இருப்பவர்கள் தங்களைத் திட்டிக்கொள்வதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். பாதமும் விரலும் சேர்ந்து வீங்கி, இரண்டாவது கால்விரல் தொடங்கும் இடத்தில் மேல்புறத் தோலைக் கிள்ளித் தூக்க முடியவில்லை என்றால் அது நிணநீர் வீக்கம். யானைக்கால் நோய் இருந்த பகுதிகளில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

#15 புதுவரவு

கடைசியா ஒண்ணு. ஏற்கெனவே தசையா தொடை பெருசா இருக்கு, இனி ஏற வேணாம்னு நினைக்கிறவங்க லெக் டேயை மொத்தமா விட்டுடலாமா?

#16 பளுமேடை

விட வேண்டாம், குறைத்தால் போதும். வளர்த்த தசையைத் தக்கவைக்க, வளர்க்க ஆன பயிற்சியில் சிறு பங்கே போதும். இளம் வயதினர் ஒன்பதில் ஒரு பங்கு செட்டோடு 32 வாரம் அளவை இழக்காமல் இருந்ததை 2011 ஆய்வு காட்டியது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அது போதவில்லை. வாரம் ஒரு நாள், ஸ்குவாட் 2 செட், ரொமேனியன் டெட்லிஃப்ட் 2 செட், எடையைக் குறைக்காமல். மீதி நேரத்தில் நடங்கள், நீந்துங்கள்.

தொடையைச் சுருக்கியே ஆக வேண்டும் என்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2009இல் வந்த டென்மார்க் ஆய்வில் தொடைச் சுற்றளவு 60 செ.மீ.க்குக் கீழே போகப் போக இதய நோயும் அகால மரணமும் கூடின. அது அவர்களின் உடல்வாகுக்கான எண், நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஆசியர்களுக்கென்று 2019இல் வகுத்த வரையறையிலும் கெண்டைக்கால் ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 செ.மீ.க்குக் கீழே இருந்தால் வயதானவர்களிடம் தசை இழப்பைச் சோதிக்கச் சொல்கிறார்கள். நம்மவர்களுக்குக் கொழுப்பு வயிற்றில் சேர்வதுதான் ஆபத்து, தொடையில் தங்குவது அதைவிட எவ்வளவோ பாதுகாப்பு. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இன்றைக்கே கெண்டைக்காலை அளந்து பாருங்கள்.

#17 நாடாவும்_சாக்பீசும்

முதல் பதிவில் இருந்த ஜீன்ஸுக்கும் ஒரு வழி சொல்லிவிடுகிறேன். கால் பயிற்சி செய்பவர்கள் பேன்ட்டை இடுப்பளவுக்கு வாங்கினால் தொடையில் பிடிக்கத்தான் செய்யும். தொடைக்குச் சரியாக, உட்கார்ந்தால் இழுக்காமல் இருப்பதை வாங்கி இடுப்பைப் பிடித்துத் தைக்கக் கொடுங்கள். பின்பக்க நடுத் தையலில் பிடித்தால் 4, 5 செ.மீ. வரை உருவம் கெடாமல் குறையும், அதற்கு மேல் பிடித்தால் பின் பாக்கெட்டுகள் ஒன்றோடொன்று நெருங்கிவிடும். துணி எடுத்துத் தைப்பவர்கள் உள்தொடைத் தையலில் பக்கத்துக்கு 2 செ.மீ. மடிப்பு விடச் சொல்லுங்கள். பிறகு தேவைப்பட்டால் பிரித்து விட்டுக்கொள்ளலாம்.